எம்.எட். படிப்பும் ஒரு டி.சி. மனுவும்

காரைக்குடிப் பக்கம் ஒரு ஆசிரியர் கல்வியியல் முதுகலையான எம்.எட். சேரப் போவதாகச் சொன்னால், ஆசிரியர் அறையில் எழும் முதல் கேள்வி "இன்சென்டிவ் உண்டா சார்?" என்பதுதான். பழையபடி கிடையாது. கூடுதல் படிப்புக்குத் தந்துவந்த ஊக்க ஊதிய உயர்வைத் தமிழக அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கும் பாட முதுகலையும் பி.எட்.டும் போதும், எம்.எட். கேட்பதில்லை. சம்பளக் கணக்குப் போட்டுச் சேர்கிறவர் முதல் செமஸ்டரிலேயே சோர்ந்துபோவார்.

மிஞ்சுவது இரண்டு காரணங்கள். ஒன்று, பி.எட். கல்லூரியிலோ ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலோ பாடம் நடத்தப் போவது. மற்றது, பள்ளிப் பிள்ளைகளுக்காக அலுவலகத்தில் போய் நின்று பேசக் கற்றுக்கொள்வது. இந்தப் பதிவு இரண்டாவதைப் பற்றியது; பள்ளி தர மறுக்கும் டி.சி.க்கு (மாற்றுச் சான்றிதழ்) எழுதும் மனு அதற்கு உதாரணமாகப் பின்னால் வரும். மனு எழுதுவது எப்படி என்று எம்.எட். பாடத்திட்டத்தில் தனித் தாள் இருக்காது. ஆனால் ஆய்வேட்டுக்காகப் பழகுகிற ஒழுங்கு இருக்கிறதே, தேதி, எண்ணிக்கை, ஆவணம், இன்னொருவர் சரிபார்க்க முடிந்த வாக்கியம், அதுதான் மனுவுக்கும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் இரண்டு வருடம் வீணாகாது.

சேர்க்கை விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைக்குப் பிறகு எம்.எட். இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர். பி.எட்.டில் 50 சதவீதம் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு விதிப்படி தளர்வு உண்டு. ஒரு அலகுக்கு 50 இடம். ஆண்டுக்கு 200 வேலை நாள். தாள்களுக்கும் செய்முறைக்கும் 80 சதவீதம், களப் பணிக்கு 90 சதவீதம் வருகை. சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். மீண்டும் ஓராண்டு எம்.எட். கொண்டுவரும் வரைவு 2025-இல் வந்தது; சேரும் வருடத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டுக்காரருக்கு வெளியூர் போக வேண்டிய தேவை இல்லை. அழகப்பச் செட்டியார் ஏற்படுத்திய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1950 முதல் காரைக்குடியில் இருக்கிறது. 1985-இல் உருவான அழகப்பா பல்கலைக்கழகத்திலும் கல்வியியல் துறை உண்டு. தனியார் கல்லூரி என்றால், எம்.எட். படிப்புக்கென்று தனியாக என்.சி.டி.இ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பி.எட்.டுக்கு வாங்கிய அங்கீகாரக் கடிதத்தைக் காட்டி எம்.எட். சேர்க்கை நடத்தினால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

"காலேஜுக்கு வர வேண்டாம், எக்ஸாமுக்கு மட்டும் வாங்க" என்று சொல்லும் ஆட்கள் இந்தப் பக்கமும் உண்டு. 2014 விதிமுறையில் தொலைதூர வழிக்கு இடம் பெற்றவை தொடக்கக் கல்விப் பட்டயமும் பி.எட்.டும்தான், எம்.எட். இல்லை. நேரடி வகுப்பில் வாங்கிய பட்டம் என்று சான்றிதழ் சொல்லும், அதே மாதங்களில் முழு நாள் வேலை பார்த்ததாகப் பள்ளியின் வருகைப் பதிவேடு சொல்லும். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் இரண்டும் அருகருகே வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் கல்லூரிக்காரர் அல்ல, நீங்கள். அரசுப் பணியில் இருப்பவர் துறை அனுமதியும் விடுப்பு ஆணையும் கையில் வாங்கிய பிறகே சேர வேண்டும். இன்னொன்று: சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது யு.ஜி.சி. 2018-இல் வெளியிட்ட அறிவிப்பு. பிள்ளைகளின் உரிமைக்குப் பேசப் போகிறவர் தன்னுடைய சான்றிதழை அடகு வைத்துவிட்டுத் தொடங்கக் கூடாது.

படிப்பில் மூன்று பகுதி இருக்கும்: எல்லாருக்கும் பொதுவான தாள்கள், தொடக்கநிலையா இடைநிலையா என்று நீங்கள் எடுக்கும் சிறப்புப் பிரிவு, ஆய்வேடு. மாணவருக்காகப் பேச நினைப்பவருக்கு என் பரிந்துரை தொடக்கநிலைதான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுக்கானது. சட்டத்தின் பிடி எங்கே வலுவாக இருக்கிறதோ அங்கே பழகுவது சுலபம். விருப்பத் தாளில் உள்ளடக்கிய கல்வி, வழிகாட்டலும் ஆலோசனையும், கல்விக் கொள்கை மூன்றில் எது கிடைத்தாலும் சரி. கல்வித் தொழில்நுட்பத்தில் மதிப்பெண் வாங்கலாம் என்று அந்தப் பக்கம் சாய்பவர்கள் நிறைய. குறை சொல்லவில்லை, ஆனால் அது வேறு வழி.

இனி ஆய்வேடு. நேரத்தை இங்கேதான் கொட்ட வேண்டும்.

வழக்கமான தலைப்பு எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். "சிவகங்கை மாவட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் இன்னதற்கும் கல்வி அடைவுக்கும் இடையே உள்ள தொடர்பு." பிறகு பால், இருப்பிடம், பயிற்று மொழி, பள்ளி வகை, பெற்றோர் படிப்பு என்று அடுக்கி, 'வேறுபாடு இல்லை' என்று சொல்லும் இருபது சூனியக் கருதுகோள். 0.05 மட்டத்தில் (நூற்றுக்கு ஐந்து தவறான முடிவை ஏற்கும் அளவில்) இருபது சோதனை செய்தால், உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் சராசரியாக ஒன்று 'குறிப்பிடத்தக்கது' என்று வந்து நிற்கும். அந்த ஒன்றை வைத்து ஐந்தாம் அத்தியாயத்தில் "அரசு ஆவன செய்ய வேண்டும்" என்று எழுதி முடிப்பார்கள். அலமாரிக்குப் போகிற ஆய்வேடு இப்படித்தான் பிறக்கிறது.

மாணவர் பக்கம் நிற்கும் ஆய்வேட்டுக்கு ஒரே கேள்வி போதும். எட்டாம் வகுப்பு முடித்தவர்களில் ஒன்பதில் சேராதவர் யார், ஏன்? என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் வென்ற பிள்ளைக்குப் பணம் எந்த இடத்தில் நிற்கிறது? பள்ளி மாறி வந்த பிள்ளைக்கு எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு) பெயர் ஏற எத்தனை நாள் ஆகிறது? மூன்றாவது கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் அதற்கு நாள் கணக்கில் பதில் கிடைக்கும், பதிவேட்டில் சரிபார்க்கலாம், அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய் ஒரு அதிகாரியின் முன்னால் வைக்கலாம்.

பள்ளிகளில் தகவல் திரட்டும் அனுமதிக்கு வழி இப்படி. வழிகாட்டியும் துறைத் தலைவரும் கையெழுத்திட்ட கடிதத்தோடு வினாத்தாள் நகல், பள்ளிகளின் பட்டியல், போகும் தேதிகள் மூன்றையும் இணைத்து முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து செயல்முறைகள் (அனுமதி ஆணை) வந்ததும் பள்ளிக்கு ஒன்றாக நகல் எடுத்துத் தலைமையாசிரியரிடம் தர வேண்டும். செட்டிநாட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கை மாவட்டம். ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு புதுக்கோட்டை மாவட்டம். பேருந்தில் கொஞ்ச நேரம்தான், ஆனால் இன்னொரு அலுவலகம், இன்னொரு அனுமதி. சிவகங்கை அனுமதியைக் காட்டிக் கடியாபட்டிப் பள்ளியில் வகுப்புக்குள் போக முடியாது. தலைப்பில் 'செட்டிநாடு' என்று போட ஆசைப்படுகிறவர்கள் இரண்டு மனுவையும் ஒரே நாளில் கொடுத்துவிடுவது நல்லது.

தேதி முக்கியம். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு. இந்த மாதங்களில் எந்தத் தலைமையாசிரியரும் உங்களை உள்ளே விடமாட்டார், விடவும் கூடாது. ஜனவரி நடுவில் பொங்கல், சிராவயல் மஞ்சுவிரட்டு. அடுத்துத் தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி புறப்படும். அந்த நாட்களில் கிராமத்துப் பள்ளியில் பாதி வகுப்பு காலியாக இருக்கலாம். அன்று எடுத்த வருகைக் கணக்கை வைத்து இடைநிற்றல் பற்றி எழுதினால் அது இடைநிற்றல் அல்ல, திருவிழா. ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர் கடைசி, நவம்பர்: இவைதான் உங்கள் மாதங்கள்.

மாதிரி அளவுக்குக் கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970-இல் தந்த அட்டவணையை எல்லாரும் போடுவார்கள். மொத்தம் 1000 பேர் என்றால் மாதிரிக்கு 278 பேர், 500 என்றால் 217. அட்டவணை சரிதான்; அது தனித்தனியாகக் குலுக்கி எடுத்த மாதிரிக்கானது என்பதுதான் மறந்துபோகிறது. நான்கு பள்ளியில் போய் முழு வகுப்பையும் உட்கார வைத்து 278 சேர்த்தால் கையில் இருப்பது நான்கு வகுப்பறை. பள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொன்றிலும் வருகைப் பதிவேட்டிலிருந்து குலுக்கிச் சில பேரை எடுப்பது மேல். நகரத்தார் அறக்கட்டளைகள் தொடங்கிய அரசு உதவி பெறும் பள்ளிகள் இங்கே நிறைய. 'அரசு, தனியார்' என்று இரண்டே கட்டம் போட்டால் அவை எதிலும் அடங்காது. மூன்றாவது கட்டம் வேண்டும். ஏன் என்பது உதவித்தொகைப் பகுதியில் தெரியும்.

கேள்வி எழுதுவதில் வரும் பிழையை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் இப்படி ஒரு கூற்று: "எங்கள் ஆசிரியர்கள் அன்பாக நடத்துகிறார்கள், பாகுபாடு காட்டுவதில்லை." முழுமையாக ஏற்கிறேன் முதல் முழுமையாக மறுக்கிறேன் வரை ஐந்து கட்டம். இதில் இரண்டு விஷயம் ஒன்றாக இருக்கிறது: அன்பு ஒன்று, பாகுபாடு ஒன்று. 'காட்டுவதில்லை' என்பதை 'மறுக்கிறேன்' என்றால் என்ன பொருள் என்று பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் மேசைப் பக்கம் வருவார், பேனா 'ஏற்கிறேன்' கட்டத்துக்குப் போய்விடும். அதே விஷயத்தை இப்படிக் கேட்கலாம்: "போன வாரம் எத்தனை நாள் ஆசிரியர் உன் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டார்?" 0, 1, 2, 3, 4, 5. "வகுப்பில் எந்த வரிசையில் உட்கார்கிறாய்? அந்த இடத்தை யார் முடிவு செய்தது?" பிள்ளைக்கு விடை தெரியும், பயப்படவும் தேவையில்லை. பாகுபாடு இருந்தால் எண்ணில் தானாகத் தெரியும். வகுப்பாசிரியர் வெளியே இருக்க வேண்டும் என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். வாசலில் நின்று கேட்டால் சங்கடம்.

முன்சோதனைக்கு 100 பேர் எடுத்தால் மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே 27, கீழே 27 பேரைப் பிரித்து, ஒவ்வொரு கூற்றுக்கும் டி மதிப்பு (இரு குழுவின் சராசரியும் எவ்வளவு விலகுகின்றன என்று காட்டும் எண்) பாருங்கள். 1.75-க்குக் கீழே வந்ததை நீக்க வேண்டும் என்பது எட்வர்ட்ஸ் சொன்ன கைவிதி. இரு பக்கமும் 25 பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் அதை நம்பலாம். 40 பேரிடம் முன்சோதனை செய்துவிட்டு அதே 1.75-ஐப் போடுவது காரைக்குடியில் மட்டும் நடக்கிற தவறு அல்ல.

பெற்றோர் சம்மதக் கடிதம் இங்கே எளிதாகக் கிடைக்காது. அப்பா வெளிநாட்டில், அம்மா திருப்பூரில், பிள்ளை அப்பத்தாவிடம் என்ற வீடுகள் உண்டு. படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், கைநாட்டுக்கும் சாட்சிக் கையெழுத்துக்கும் இடம் விட வேண்டும். "அப்பத்தா, பேரனோட பேரு எங்கயும் வராது, வேண்டாம்னா எப்ப வேணா நிறுத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் மை வைக்க வேண்டும். விடைத்தாளில் பெயருக்குப் பதில் குறியீடு. பெயர்ப் பட்டியல் தனிக் கோப்பில், வேறு இடத்தில்.

ஒரு பிள்ளை விடைத்தாளின் ஓரத்திலோ நேர்காணலிலோ தனக்கு நடந்த பாலியல் தொல்லையைச் சொல்லிவிட்டால்? இதற்கு முன்னமே திட்டம் வேண்டும். 'ஆய்வு ரகசியம்' என்ற வாதம் இங்கே நிற்காது. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-இன்படி தெரிந்தவர் எவரும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் பிரிவு 21-இல் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ; நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தில் சொன்னவருக்கு அதே சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. செய்யக் கூடாதது: பள்ளிக்குள்ளேயே ஒரு விசாரணை வைத்து, பிள்ளையை நாலு பேர் முன்னால் நாலு தடவை சொல்ல வைப்பது. பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, தேதி நேரத்தோடு, ஒரு முறை எழுதிக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். ஆகவே சம்மதக் கடிதத்தில் 'உன் பாதுகாப்புக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வெளியே சொல்வேன்' என்ற வரி இருக்க வேண்டும்.

இனி உதவித்தொகை. மாணவருக்காகப் பேசுவது என்றதும் மேடையும் மைக்கும் நினைவுக்கு வருகின்றன. நடைமுறையில் அதில் பெரும்பங்கு குமாஸ்தா வேலை. என்.எம்.எம்.எஸ். எட்டாம் வகுப்பில் எழுதும் தேர்வு. வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், பெற்றோர் வருமான வரம்பு 3.5 லட்சம். தேர்வில் வென்ற பிள்ளைக்கே பணம் வராமல் போகும். வங்கிக் கணக்கு இருக்கும், அதில் ஆதார் எண்ணும் கொடுத்திருப்பார்கள். ஆனால் அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்ற டி.பி.டி. (நேரடிப் பணப் பரிமாற்றம்) இணைப்பு வேறு வங்கியில் இருக்கும், அல்லது எங்கும் இருக்காது. வங்கியில் "ஆதார் லிங்க் ஆயிருச்சா?" என்று கேட்டால் "ஆயிருச்சு" என்பார்கள். "டி.பி.டி.க்கு ஆதார் சீடிங் ஆயிருச்சா?" என்று கேட்க வேண்டும். அடுத்த ஓட்டை புதுப்பித்தல். ஒவ்வொரு வருடமும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு வேறு பள்ளி மாறிய பிள்ளையைப் பழைய பள்ளி 'நம்ம பிள்ளை இல்லை' என்று விட்டுவிடும், புதிய பள்ளிக்கு விஷயமே தெரியாது.

மாணவிகளுக்கான புதுமைப்பெண் (2022), மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் (2024) ஆகிய தமிழக அரசுத் திட்டங்கள் இரண்டிலும் உயர்கல்வி சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை. முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்த புதுமைப்பெண் 2024 டிசம்பர் இறுதியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அப்படி இல்லை. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. மூன்றாவது கட்டம் போடச் சொன்னது இதற்காகத்தான். 'ஒன்பதாம் வகுப்பு மட்டும் தனியாரில் போட்டுப் பார்ப்போம்' என்று மாற்றிவிட்டு, அடுத்த வருடமே அரசுப் பள்ளிக்குத் திரும்பி வரும் குடும்பங்கள் உண்டு. அந்த ஒரு வருடம் என்னென்னவற்றைத் தின்னும் என்பதை மாற்றுவதற்கு முன்னால் சொல்வதுதான் உதவி. பின்னால் சொன்னால் அது தகவல்.

டி.சி. விவகாரத்துக்கு வருவோம். கல்விக் கட்டணம் பாக்கி, தனியார் பள்ளி மாற்றுச் சான்றிதழ் தர மறுக்கிறது, பிள்ளை ஜூன் முழுக்க வீட்டில். பெற்றோர் பழைய பள்ளியின் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். அங்கே நிற்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது, அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ பிள்ளையை உட்கார வைப்பது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5: பள்ளி மாறும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனே டி.சி. தர வேண்டும், டி.சி. தாமதமானதைக் காரணம் காட்டி அடுத்த பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. தாமதிக்கும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கைக்கும் இடம் உண்டு. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் சேர்க்கையை மறுக்க முடியாது. அது பிரிவு 14. புதிய தலைமையாசிரியரிடம் சண்டைத் தொனி வேண்டாம். "ஐயா, பிரிவு 5-இன்படி சேர்த்துக்கொள்ளுங்கள், டி.சி.க்குத் தனியாக மனு கொடுத்திருக்கிறோம், இதோ நகல்" என்றால், அவருக்கு நாளை தணிக்கையில் காட்ட ஒரு காகிதம் கிடைக்கிறது. அவருக்கு வேண்டியதும் அதுதான்.

பிறகு எமிஸ். பழைய பள்ளி பிள்ளையின் பெயரைக் 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். தள்ளாமல் வைத்திருந்தால் பிள்ளை வகுப்பில் இருக்கும், கணினியில் இருக்காது. கணினியில் இல்லாத பிள்ளைக்கு வர வேண்டிய விலையில்லாப் பொருட்களில் தடங்கல் வரும். ஆகவே மனுவில் டி.சி.யை மட்டும் கேட்டால் பாதி வேலைதான் நடக்கும்.

எங்கள் பக்கம் அடிக்கடி பார்க்கிற மனு இப்படி முடியும்: "எனது ஏழ்மை நிலையைக் கருத்தில்கொண்டு, மனிதாபிமான அடிப்படையில் ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்." கெஞ்சினால் முடிவு கேட்பவரின் இரக்கத்துக்குப் போய்விடுகிறது. 'ஆவன' என்பதற்கு அலுவலகத்தில் எதையும் பொருளாக வைக்கலாம். கோப்பில் 'பார்க்கப்பட்டது' என்று எழுதுவதும் ஆவனதான். அதற்குப் பதில் இப்படி:

அனுப்புநர்: (பெற்றோர் பெயர், முகவரி, கைபேசி எண்)

பெறுநர்: மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்), சிவகங்கை.

பொருள்: 6-ஆம் வகுப்பு மாணவர், எமிஸ் எண் ……, மாற்றுச் சான்றிதழ் வழங்க மறுத்தல், கல்வி உரிமைச் சட்டம் 2009 பிரிவு 5 மற்றும் 32-இன் கீழ் புகார்.

பார்வை: பள்ளிக்கு நான் …… தேதியில் அளித்த விண்ணப்பம் (நகல் இணைப்பு 1).

ஐயா,

1. என் மகன் …… பள்ளியில் 5-ஆம் வகுப்பு முடித்தான். …… தேதியில் எழுத்து மூலம் மாற்றுச் சான்றிதழ் கேட்டேன். …… தேதி வரை வழங்கவில்லை. கட்டண பாக்கியைக் காரணமாகச் சொல்கிறார்கள்.
2. …… தேதியில் …… அரசுப் பள்ளியில் சேர்த்துள்ளேன் (இணைப்பு 2). எமிஸ் பதிவு பழைய பள்ளியிலேயே உள்ளது.
3. கேட்பவை: (அ) மாற்றுச் சான்றிதழை 7 நாட்களுக்குள் வழங்க உத்தரவு, (ஆ) எமிஸ் பதிவைப் பொதுப் பட்டியலுக்கு மாற்ற உத்தரவு, (இ) எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவித்தல்.

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், சிவகங்கை.

ஒரே பக்கம். பள்ளி நிர்வாகத்தைத் திட்டும் வரி ஒன்றும் இல்லை. கட்டணம் நியாயமா இல்லையா என்ற வழக்கும் இல்லை. அதைக் கலந்தால் கோப்பு கட்டணப் பிரிவுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். '7 நாட்கள்' என்பது சட்டத்தில் உள்ள எண் அல்ல, சட்டம் 'உடனே' என்கிறது. நீங்கள் கேட்கும் கெடு அது. பிரிவு 32-இல் 'எவரும்' புகார் தரலாம் என்று இருப்பதால் எம்.எட். மாணவரான நீங்களே தரலாம். ஆனாலும் பெற்றோர் கையெழுத்தில் கொடுப்பது நல்லது, ஏன் என்று கீழே வருகிறது. அந்தப் பிரிவின்படி மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு.

இதே மனுவை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படியே படியெடுத்துக் கொடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நிற்கிறது. பிரிவு 5-ஐ அங்கே எழுதினால் பிரிவு எழுத்தர் அதை ஒரு வரியில் தள்ளிவிடுவார், நியாயமாகவே. மேல் வகுப்புக்குப் பள்ளிக் கல்வித் துறையின் விதிகளையும் சுற்றறிக்கைகளையும்தான் காட்ட வேண்டும்.

மனுவை நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். தபாலில் என்றால் விரைவுத் தபால், ரசீதோடு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். ஆனால் மனு அங்கிருந்து கல்வி அலுவலகத்துக்குத்தான் திரும்பி வரும். முதலிலேயே அங்கே கொடுத்திருந்தால்தான் அந்த வழி பலன் தரும். இரண்டு வாரம் கழித்துப் போய் 'என்ன ஆச்சு' என்று கேட்காதீர்கள். "ந.க. எண் என்ன சார்?" என்று கேளுங்கள். மனுவுக்கு அலுவலகம் போடும் கோப்பு எண் அது. எண் விழுந்திருந்தால் கோப்பு இருக்கிறது. எண் இல்லை என்றால் மனு இன்னும் தட்டில்தான்.

சட்ட உதவி தேவைப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, தொலைபேசி 15100. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 12-இன்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்ப்பதில்லை. வழக்கறிஞர் வேலையை நீங்கள் செய்யப் போகக் கூடாது. கோப்பைத் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

வேலை வாய்ப்பு பற்றி இரண்டு வரி. எம்.எட். கடைசி வருடத்திலேயே உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட் எழுதலாம், கல்வியியல் பாடக் குறியீடு 09. ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டத்துக்கு அந்தப் பணம் தாங்கும்.

கடைசியாக, மனு கொடுத்து 30 நாள் ஆகியும் அலுவலகம் வாய் திறக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய விண்ணப்பம், பொதுத் தகவல் அலுவலருக்கு. இங்கேதான் பெற்றோர் கையெழுத்து உதவும்: பிள்ளையின் விவரத்தை நீங்கள் கேட்டால் 'மூன்றாம் நபர் தகவல்' என்று மறுப்பார்கள், அப்பாவோ அம்மாவோ கேட்டால் அந்தக் கதவு இல்லை. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, கோப்பில் இருப்பதைத்தான் தருவார்களே தவிர விளக்கம் தர மாட்டார்கள். "எனது …… தேதியிட்ட மனு எந்தத் தேதியில், எந்த அலுவலரிடம், எத்தனை நாள் இருந்தது என்பதைக் காட்டும் கோப்புக் குறிப்புப் பக்கங்களின் நகல்" என்று கேளுங்கள். பல இடங்களில் நகல் எடுக்கக் கோப்பைத் திறக்கும் அன்றைக்கே டி.சி.க்கான உத்தரவும் தயாராகிவிடும்.